மச்சு பிச்சுவின் வாசலில் 31 அறைகள்

மாலை ஐந்தரைக்கு மச்சு பிச்சுவில் நடை சாத்திவிடுகிறார்கள். அதற்கு வெகு முன்பே காவலர்கள் அடுக்கடுக்காக இறங்கிவந்து, இன்னும் ஒரே ஒரு படம் என்று தயங்குகிறவர்களை வாசல் பக்கம் நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள். கடைசிப் பேருந்தும் கீழே போன பிறகு அந்த மலைமுகட்டில் இருப்பவர்கள் காவலர்களும், வாசலையொட்டி நிற்கும் ஒரேயொரு விடுதியின் ஊழியர்களும் விருந்தினர்களும்தான். விடுதியின் பெயர் சாங்க்சுவரி லாட்ஜ். மொத்தம் 31 அறைகள். ஓர் இரவு வாடகை, சாப்பாட்டோடு சேர்த்து, ஆயிரம் டாலரைத் தாண்டும். நம் கணக்கில் எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

உலகப் புகழ்பெற்ற ஓர் இடிபாட்டின் கதவருகே படுத்துறங்க அத்தனை பணம் கொடுக்கலாமா என்பது பயணிகளின் கேள்வி. அங்கே ஓர் ஆடம்பர விடுதி இருக்கலாமா என்பது பெரு நாட்டுக்காரர்கள் பலர் பல காலமாகக் கேட்டுவரும் கேள்வி. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அங்கே தங்கப் போனேன். போன இடத்தில் இவற்றுக்கு முந்தைய ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுக்கு முன் இந்த மலையில் கல்லடுக்கியதே ஒரு மன்னர் வந்து தங்கிப் போவதற்காகத்தான். அவர் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்த வழியும், அவருக்கு உழைத்தவர்களின் எலும்புகளும் இன்று நம் கையில் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது இன்றைய விடுதியைப் பற்றிய கேள்விக்கும் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது.

இறங்கிப் போகும் மலை

மச்சு பிச்சுவுக்கு நேராகப் போய்ச் சேரும் நெடுஞ்சாலை கிடையாது. லிமாவிலிருந்து விமானம் ஏறி குஸ்கோவில் இறங்க வேண்டும். இன்காக்களின் தலைநகராக இருந்த ஊர் அது. கடல்மட்டத்துக்கு 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கிய வேகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தலை கனக்கும், நெஞ்சு படபடக்கும். உள்ளூர்க்காரர்கள் கோக்கா இலை போட்ட வெந்நீரைக் கையில் கொடுத்து, உட்காரச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்பது நல்லது. மச்சு பிச்சு இருப்பது 2,430 மீட்டரில்தான். மலையுச்சிக்குப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் குஸ்கோவிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறங்கித்தான் அங்கே போய்ச் சேருகிறார்கள்.

ஒல்லாந்தாய்தம்போ என்ற சிற்றூர்வரை காரில் போய், அங்கே ரயிலேறுவது பெரும்பாலானோர் வழக்கம். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். உருபம்பா ஆறு கூடவே ஓடிவருகிறது. கிளம்பும்போது காய்ந்த மலைச்சரிவும் கள்ளியும் தெரியும். போகப் போகப் பள்ளத்தாக்கு குறுகி, பாசி தொங்கும் மரங்களும் ஈரக் காற்றுமாக மாறும். ரயில் நிற்கும் ஊர் ஆகுவாஸ் காலியெந்தெஸ். வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன இந்த ஊரில் தண்டவாளத்தை ஒட்டியே கடைகள், தண்டவாளத்தை ஒட்டியே சாப்பாட்டு மேசைகள். சிமென்ட் மூட்டையிலிருந்து முட்டை அட்டைவரை எல்லாம் ரயிலில்தான் வருகிறது. ஊரின் குப்பையும் ரயிலில்தான் வெளியேறுகிறது.

அங்கிருந்து பேருந்து. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் மேலே வாசல். 1948-ல் திறக்கப்பட்ட இந்தப் பாதைக்கு அமெரிக்கப் பேராசிரியர் ஹிராம் பிங்ஹாமின் பெயரை வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு அவரே வந்திருந்தார். 1911 ஜூலை 24 அன்று மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது அவரைத்தான். அவரை மலைக்கு அழைத்துப் போனவர் மெல்சோர் ஆர்த்தேகா என்ற உள்ளூர் விவசாயி. மேலே போனபோது அந்த அடுக்கு வயல்களில் கெச்சுவா மொழி பேசும் விவசாயக் குடும்பங்கள் பயிர் வைத்துக் குடியிருந்தன. இடிபாடுகளுக்குள் அவரைச் சுற்றிக் காட்டியது அவர்களில் ஒரு சிறுவன். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1902-ல், அகுஸ்தின் லிசாராகா என்ற குஸ்கோ பகுதிக்காரர் அங்கே வந்து கோயில் சுவரில் கரியால் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்ஹாம் உலகத்துக்குச் சொன்னவர், அவ்வளவுதான். அவர் குழு தோண்டியெடுத்து யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பொருட்கள் திரும்பி வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 2011, 2012-ல் திருப்பித் தரப்பட்டு இப்போது குஸ்கோவில் காசா கொஞ்சா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தமிழ் ரசிகர்களுக்கு இந்த மலை முகம் தெரிந்த மலைதான். 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தின் 'கிளிமாஞ்சாரோ' பாட்டில் ரஜினிகாந்தும் ஐஸ்வர்யா ராயும் ஆடுவது இங்கேதான். பாட்டில் வரும் மலை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. திரையில் பின்னால் நிற்பது ஆண்டிஸ்.

ஒருவருக்காக ஓர் ஊர்

மச்சு பிச்சு எதற்காகக் கட்டப்பட்டது என்பதில் நீண்ட காலம் கற்பனைகள்தான் ஓடின. இன்காக்களின் பிறப்பிடம் என்றார் பிங்ஹாம். சூரியனுக்குத் தொண்டு செய்த கன்னியரின் மடம் என்றும் சொன்னார்கள். 1980களில் ஆய்வாளர் ஜான் ரோ, 1568-ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஸ்பானிய நிர்வாக ஆவணம் ஒன்றைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இந்தப் பள்ளத்தாக்கின் நிலங்கள் இன்கா யுபாங்கி, அதாவது பேரரசர் பச்சகூட்டியுடையவை என்று அதில் இருந்தது. அதன் பிறகு பேச்சு மாறியது. குஸ்கோ குளிரில் உறையும் மாதங்களில் மன்னரும் பரிவாரமும் வந்து தங்கிய அரச தோட்டம் இது என்பதைத்தான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். 1450 வாக்கில் கட்டியதாகச் சொல்லிவந்தார்கள். 2021-ல் தொல்லியலாளர் ரிச்சர்ட் பர்கரின் குழு எலும்புகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்து, 1420 வாக்கிலிருந்தே அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று காட்டியது. 1530 வாக்கில் ஊர் காலியாகிவிட்டது. ஸ்பானியர் வந்து பேரரசு சரிந்ததும், மன்னருக்காக மட்டுமே நடந்த ஓர் ஊரை நடத்த ஆளில்லாமல் போயிற்று.

மன்னருக்கான இடம் என்பதற்குப் பெரிய சான்று பொன்னோ மணியோ கிடையாது. தண்ணீர்தான்.

மச்சு பிச்சு மலைச்சரிவில் ஓர் ஊற்று இருக்கிறது. அந்த நீரை 749 மீட்டர் நீளமுள்ள கல் கால்வாயில், கரை அரிக்காமலும் மண் தேங்காமலும் இருக்கும்படி மெல்லிய சரிவில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கால்வாய் ஊருக்குள் நுழைந்ததும் அடுத்தடுத்துப் பதினாறு நீர்த்தொட்டிகள், படிக்கட்டை ஒட்டி ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. அவற்றில் முதல் தொட்டி மன்னருடையது என்று கருதப்படும் வீட்டின் பக்கத்தில் இருக்கிறது. கலங்காத முதல் தண்ணீர் அவருக்கு. மிச்சம் கீழே போகும். வீடுகளை எங்கெங்கே வைப்பது என்று முடிவானதே இந்தத் தொட்டிகளின் வரிசையை வைத்துத்தான் என்று சொல்கிறார்கள், 1990களிலிருந்து இங்கே நீரியல் ஆய்வு செய்த கென்னத் ரைட்டும் தொல்லியலாளர் அல்ஃபிரெதோ வாலென்சியாவும்.

அந்தத் தொட்டிகளில் ஒன்றைக் குனிந்து பார்த்தால் கை நடுங்கும். மேலிருந்து வரும் ஓடையின் முனையில், விரல்கள் நுழையும் அகலத்துக்கு ஒரு காடி வெட்டியிருக்கிறது. தண்ணீர் சுவரோடு வழிந்துவிடாமல், அந்தக் காடியால் ஒரே தாரையாக எகிறி விழுகிறது. குறுகிய கழுத்துள்ள இன்கா மண்குடத்தைக் கீழே பிடித்தால் ஒரு சொட்டும் சிந்தாமல் நிரம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டியது. விழுந்த நீர் ஒரு சதுரக் கல் தொட்டியில் நின்று, மூலைத் துளை வழியாக அடுத்த படிக்கு இறங்குகிறது. தொட்டியைச் சுற்றி மூன்று பக்கம் இடுப்பளவுக்கு மேல் சுவர். இரும்பு உளி இல்லாத, சக்கரம் பயன்படுத்தாத, எழுத்து முறையும் இல்லாத மக்கள் கல்லாலும் வெண்கலத்தாலும் செய்த வேலை இது. இன்றும் அந்தத் தாரை விழுந்துகொண்டிருக்கிறது.

வரும் தண்ணீரைவிடப் பெரிய சவால், வெளியேற்ற வேண்டிய தண்ணீர். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு நெருங்கிய மழை, செங்குத்தான சரிவு, அடியில் பிளவுபட்ட கிரானைட் பாறை. சாதாரணமாகக் கட்டியிருந்தால் சில பத்தாண்டுகளில் எல்லாம் ஆற்றோடு போயிருக்கும். அடுக்கு வயல் ஒவ்வொன்றிலும் அடியில் பெருங்கல், மேலே சரளை, அதற்கும் மேல் மணல் கலந்த மண், கடைசியில் வளமான மேல்மண் என்று வடிகட்டிபோல அடுக்கியிருக்கிறார்கள். நடுவிலிருக்கும் பெரிய புல்வெளிக்கு அடியில், கட்டடங்களுக்காகச் செதுக்கியபோது விழுந்த கற்சில்லுகளையே கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மழைநீர் அதற்குள் இறங்கி மறைந்துவிடும். சுவர்களில் மட்டும் 130-க்கு நெருங்கிய வடிகால் துளைகளை எண்ணியிருக்கிறது ரைட் குழு. மச்சு பிச்சுவுக்குச் செலவான உழைப்பில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு. எல்லோரும் படம் எடுப்பது மிச்சப் பாதியை.

யார் சுமந்தார்கள்

பிங்ஹாம் குழு மலைச்சரிவுக் குகைகளில் நூற்றுக்கும் அதிகமானோரின் எலும்புகளைக் கண்டெடுத்தது. அவற்றைப் பரிசோதித்த அந்தக் காலத்து நிபுணர் பெரும்பாலும் பெண்களுடையவை என்றார். கன்னியர் மடம் என்ற கதை அங்கிருந்துதான் கிளம்பியது. பின்னாளில் ஜான் வெரானோ என்ற ஆய்வாளர் மறுபடி ஆராய்ந்தபோது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தார்கள். கல்லறைகளில் பொன் நகை கிடையாது. புதைக்கப்பட்டவர்கள் அரச குடும்பத்தார் அல்லர். மன்னர் குடும்பத்தார் இறந்தால் உடல் குஸ்கோவுக்குப் போயிருக்கும். இங்கே கிடந்தவர்கள் யானகோனா எனப்பட்ட அரச ஊழியர்கள். மன்னர் இல்லாத மாதங்களிலும் இங்கேயே இருந்து இடத்தைக் காத்தவர்கள்.

2023-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த மரபணு ஆய்வு இதை இன்னும் நெருங்கிப் பார்க்க வைத்தது. இங்கே புதைக்கப்பட்ட 34 பேரின் மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டிஸ் மலைத்தொடரின் பல பகுதிகளையும், கடற்கரையையும், அமேசான் காட்டையும் சேர்ந்த மரபுகள் அவர்களிடம் கலந்திருந்தன. ஒருவருக்கொருவர் இரத்த உறவுள்ளவர்கள் மிகச் சிலரே. பேரரசின் மூலை முடுக்குகளிலிருந்து தனித்தனியாகக் கொண்டுவரப்பட்டு, இந்த மலையில் ஒரு மன்னருக்குச் சமைத்து, நெய்து, உலோகம் உருக்கி, கல் சுமந்து, இங்கேயே மண்ணானவர்கள். அடுக்கு வயல்களில் விளைந்தது அத்தனை வாய்க்கும் போதாது. சோளம் வெளியிலிருந்து முதுகில் ஏறி வந்திருக்கிறது.

அந்தச் சுமை இன்னும் இறங்கவில்லை. இன்கா பாதை என்ற பழைய மலைவழியில் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சுவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் பாதிக்கு மேல் சுமை தூக்குகிறவர்களும் வழிகாட்டிகளும். கூடாரம், அடுப்பு, பாத்திரம், பயணிகளின் படுக்கைச் சுருட்டு எல்லாம் அவர்கள் முதுகில். ஒரு காலத்தில் நாற்பது கிலோவுக்கும் மேல் ஏற்றினார்கள். இருபது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது.

விடுதிக்கும் இதே கணக்குதான். மேலே கடை கண்ணி எதுவும் கிடையாது. விருந்தினர் முகம் துடைக்கும் துண்டிலிருந்து இரவுச் சாப்பாட்டின் மீன் துண்டுவரை ரயிலில் வந்து, மலைப்பாதையில் ஏறி வர வேண்டும். அழுக்குத் துணியும் குப்பையும் அதே வழியில் இறங்க வேண்டும். வாடகை ஆயிரம் டாலரைத் தாண்டுவதில் ஒரு பங்கு இதற்குப் போகிறது என்பதை மறுக்க முடியாது. மிச்சப் பங்கு இடத்துக்கான விலை, அதுவும் ஒரு தேசத்தின் பொதுச் சொத்தான இடத்துக்கு.

கதவருகே இருப்பதன் விலை

இந்த விடுதி முதலில் அரசு நடத்திய சுற்றுலா விடுதி. 1990களில் பெரு அரசு நிறுவனங்களைத் தனியாருக்குக் கொடுக்கத் தொடங்கியபோது இதுவும் குத்தகைக்குப் போனது. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ஹோட்டல்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்த நிறுவனம் 2014-ல் பெல்மண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2019-ல் லூயி வுய்ட்டோன் கைப்பைகளுக்குச் சொந்தக்காரர்களான எல்விஎம்எச் குழுமம் பெல்மண்ட்டையே வாங்கியது. 1981-லேயே மச்சு பிச்சுவும் சுற்றியுள்ள காடும் வரலாற்றுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன; 1983-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்த வாசலில் புதிதாக ஒரு விடுதி கட்ட யாராவது கேட்டால் அனுமதி கிடைக்காது. முன்பே இருந்ததால் இருக்கிறது.

அதற்கு மேலும் கட்ட ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1990களின் கடைசியில் ஆற்றங்கரையிலிருந்து வாசலுக்கு ரோப்கார் விடும் திட்டம் ஒன்று தீவிரமாக நகர்ந்தது. ஆய்வாளர்களும் உள்ளூர் மக்களும் யுனெஸ்கோவும் எதிர்த்ததில் நின்றுபோனது. 2000 செப்டம்பரில் நடந்ததை அங்கே வேலை செய்கிறவர்கள் இன்னும் வருத்தத்தோடு சொல்கிறார்கள். ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து, ஊரின் மிகப் புனிதமான கல்லான இந்திவாத்தானாவின் ஒரு முனையை உடைத்துவிட்டது. ஒரே பாறையில் செதுக்கிய, ஐந்து நூற்றாண்டு மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் அசையாத கல். இப்போது கிட்டே போகவிடாமல் கயிறு கட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் அந்த விளிம்பின் குறை கண்ணில் படுகிறது, அல்லது தெரிந்துகொண்டு பார்ப்பதால் படுகிறது.

இயற்கையும் அவ்வப்போது எச்சரிக்கிறது. 2010 ஜனவரியில் உருபம்பா பொங்கித் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனபோது ஆயிரக்கணக்கான பயணிகள் ஆகுவாஸ் காலியெந்தெஸில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் தூக்கித்தான் காப்பாற்ற முடிந்தது. ஏப்ரல்வரை மச்சு பிச்சு மூடியிருந்தது. 2025 செப்டம்பரில் பேருந்து உரிமம் யாருக்கு என்ற தகராறில் தண்டவாளத்தை மறித்துப் போராட்டம் நடந்து மறுபடியும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஒரே ரயில், ஒரே சாலை. அந்தப் பேருந்துகளின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களின் நிரந்தரக் கவலை.

இரவில் என்ன கிடைக்கிறது

முன்பெல்லாம் நுழைவுச்சீட்டு வாங்கினால் நாள் முழுக்க உள்ளே வெளியே போய்வரலாம். விடுதியில் தங்குகிறவர் விடியலில் ஒரு சுற்று போய்விட்டு, மதியம் சாப்பிட்டுத் தூங்கி, கூட்டம் குறைந்த மாலையில் மறுபடி உள்ளே போவார். பணத்துக்கு அது பெரிய பலன். அது போய்விட்டது. இப்போது சீட்டில் நுழையும் நேரம் குறித்திருக்கிறது. 2024-லிருந்து மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்துப் பாதைகள். வாங்கிய பாதையில் ஒரு திசையில் மட்டும் நடக்க வேண்டும். வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள். ஒரு நாளைக்கு 4,500 பேர், உச்சப் பருவத்தின் சில நாட்களில் 5,600 பேர். சீட்டோடு கடவுச்சீட்டையும் காட்ட வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 152 சோல், ஏறத்தாழ மூன்றரை ஆயிரம் ரூபாய். பெரிய விடுதியில் தங்குகிறவரும் தண்டவாளத்தோரச் சத்திரத்தில் தங்குகிறவரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். இரவில் உள்ளே போக யாருக்கும் அனுமதியில்லை, எத்தனை டாலர் கொடுத்தாலும்.

இந்த ஏற்பாட்டை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். வழிகாட்டிகள் சிலர் முணுமுணுக்கிறார்கள், பயணிகளும் புலம்புகிறார்கள். ஆனால் பச்சகூட்டி காலத்தில் முதல் தண்ணீர் ஒருவருக்கு என்றிருந்த மலையில், இன்று உள்ளே போனபின் முதல் ஆள் என்று யாரும் கிடையாது. கொரோனாவால் மூடியிருந்த 2020-ல், பெருவில் ஏழு மாதம் மாட்டிக்கொண்ட ஒரு ஜப்பானிய இளைஞருக்காக அக்டோபரில் தனியாகத் திறந்துவிட்டார்கள். அந்த நாட்டின் கலாசார அமைச்சரே அதை அறிவித்தார். அந்த இளைஞர் பெருஞ்செல்வர் இல்லை. பார்க்க வந்து பார்க்க முடியாமல் காத்திருந்தவர். விதிவிலக்கு கொடுப்பதானால் அப்படித்தான் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் அந்த வாடகைக்கு என்னதான் கிடைக்கிறது? காலை நான்கு மணிக்கு ஆகுவாஸ் காலியெந்தெஸில் பேருந்துக்கு நிற்கும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம். ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலுக்கு நடந்து வந்துவிடலாம். உள்ளே கழிப்பறை கிடையாது என்பதால் வயதானவர்களுக்கும் குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்கும் பக்கத்திலேயே அறை இருப்பது பெரிய நிம்மதி. பிற்பகல் சீட்டு எடுத்தால், கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் பதற்றம் இல்லாமல் நடை சாத்தும்வரை உள்ளே இருக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பலன்.

இரவைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான அறைகளிலிருந்து இடிபாடுகள் தெரியாது. தெரிவது எதிரே செங்குத்தாக எழும் மலை. இருட்டிய பிறகு கீழே, வெகு கீழே, ஆற்றின் இரைச்சல் கேட்கத் தொடங்குகிறது. பகலில் பேருந்துகளும் பேச்சும் அதை மூடிவைத்திருந்தன. நான் இருந்தபோது நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் அடித்த மழையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது என் நினைவெல்லாம் பக்கத்திலிருந்த ஊரின் மீதே இருந்தது. அத்தனை அடுக்குகளிலும் அந்த நேரத்தில் நீர் இறங்கிக்கொண்டிருக்கும், சரளை வழியாக, கற்சில்லு வழியாக, சுவர்த் துளைகள் வழியாக. யாரும் விசை தட்டாமல், யாரும் பார்க்காமல், கட்டியவர்கள் சொல்லிவிட்டுப் போனபடியே வேலை நடந்துகொண்டிருக்கும். காலையில் உள்ளே போனபோது பெரிய புல்வெளியில் எங்கும் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. லாமாக்கள் அதில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன.

அதே காலையில் ஆறு மணிக்கு நுழைந்தவர்கள் கண்டது வெறும் வெண்பனி. மழைக்காலமான நவம்பரிலிருந்து மார்ச்வரை விடியலில் மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடுவது சகஜம். ஒரே திசைப் பாதையில் நிற்க இடமில்லை. மேகம் விலகுமுன் அடுத்த குழு வந்துவிடும். சூரியோதயத்தை மச்சு பிச்சுவில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துச் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பிற்பகல் வெளிச்சமே இந்த ஊருக்கு அழகு. மேற்கிலிருந்து சாயும் வெயிலில் சுவர்களின் கல்லிணைப்புகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

என்ன செய்யலாம்

பணம் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, அல்லது கைக்குழந்தை இருக்கிறது என்றால் விடுதியில் தங்குங்கள். தவறொன்றுமில்லை. மற்றவர்கள் அந்தப் பணத்தை இப்படிப் பங்கிடலாம்: ஆகுவாஸ் காலியெந்தெஸில் நல்லதொரு அறையில் இரண்டு இரவு, ஒரு பிற்பகல் சீட்டு, மறுநாள் வேறு பாதைக்கு இன்னொரு சீட்டு, குஸ்கோவில் பயின்ற நல்ல வழிகாட்டிக்கு மனம் நிறையக் கூலி. சீட்டுகளை மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். கிடைக்காதவர்களுக்காக ஒரு நாளைக்கு ஆயிரம் சீட்டுகளை அந்த ஊரிலேயே நேரில் விற்கிறார்கள். அதற்கும் வரிசை நீளம்.

குத்தகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த நிலம் பெரு மக்களுடையது. யார் நடத்தினாலும் அங்கே ஓர் அறைகூட கூடக்கூடாது. குளியல் தொட்டியும் தோட்டமும் விரிவாகக்கூடாது. வரும் வாடகையில் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு என்ன பங்கு என்பது எல்லோரும் படிக்கும்படி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். அதைக் குறைக்கச் சொல்லி யுனெஸ்கோ பல முறை எச்சரித்திருக்கிறது. பயணிகளின் எண்ணிக்கையை 2,500-க்குள் வைப்பதாக ஒரு காலத்தில் பேசிய அரசு இன்று அதை இரு மடங்குக்கு அருகே கொண்டுவந்திருக்கிறது. கீழ்மண் கல்லடுக்குகள் மழையைத் தாங்கக் கட்டப்பட்டவை. நாளொன்றுக்கு ஐயாயிரம் ஜோடிக் காலணிகளைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல. முந்நூறிலிருந்து ஆயிரம் பேர்வரை வாழ்ந்த ஊர் அது.

திரும்பும்போது, முழங்கால் இடம்கொடுத்தால் பேருந்தை விட்டுவிட்டு படிக்கட்டு வழியாக இறங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றுப் பாலம் வந்துவிடும். பாலத்துக்குப் பக்கத்தில் மனுவேல் சாவெஸ் பாய்யோன் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றிலும் ஆர்க்கிட் தோட்டம். ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அகழாய்வில் கிடைத்த கல், உலோக, மண்பாண்டப் பொருட்களும், கால்வாய்களையும் சுவர்களையும் எப்படிக் கட்டினார்கள் என்ற விளக்கங்களும் அங்கே இருக்கின்றன. மேலே போவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஆகுவாஸ் காலியெந்தெஸிலிருந்து அரை மணி நேர நடை.